நாலாம் நம்பர் நோட்டீஸ்

காலை எட்டு மணிக்கு மகளுக்கு வந்த போனை, எதிரே பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்த பிரஸ்காரர் ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அதனால் ஒட்டுக்கேட்ட பாவமும் அவருக்கு இல்லை.

"மேடம், டிவியிலேர்ந்து பேசறோம். நம்ம பாட்டுப் போட்டி ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் ஃபைனல்ல பாடின அஞ்சு பேரையும் மறுபடி ஒரே மேடையில ஏத்தறோம். மூணு வாரத்துல ஷூட்டிங். நீங்க அன்னிக்குப் பாடின அதே படகுப் பாட்டைப் பாடினா போதும்."

"நான் பாடறதை விட்டு ரொம்ப நாளாச்சுங்க."

"ஒரே ஒரு பாட்டுதானே மேடம்."

"சொந்த ஊரே வேண்டாம்னு சொன்ன பாட்டை எதுக்குங்க திரும்பத் தோண்டி எடுக்கணும்? வேற யாரையாவது பாருங்க."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உங்க இடத்தைக் காலியா வெச்சிருக்கோம் மேடம். யோசிச்சுச் சொல்லுங்க."

மகள் போனை வைத்தாள். சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். "அப்பா, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். இரண்டு தெரு தள்ளி இருந்த கண்ணாடிக் கடையில், வருகிறவர்களுக்குப் பார்வை சோதித்து பவர் எழுதித் தருவது அவள் வேலை.

பிரஸ்காரர் பேப்பரை மடித்து வைத்தார். இனி ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் அவருக்குப் பசித்தது. அது எப்போதும் அவருக்கு நல்ல அறிகுறி.

"இன்னிக்கு அவகிட்டச் சொல்லிடப் போறேன்" என்றார் சமையலறை வாசலில் நின்று.

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. "எதை?" என்றாள் மனைவி. அவளுக்கு எதை என்று நன்றாகத் தெரியும்.

அது ஒரு நோட்டீஸ் கதை. அதைச் சொல்லவேண்டுமானால் பிரஸ்காரர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

பதினெட்டு வயதில் அச்சகத்துக்குள் நுழைந்தவர். அந்தக் காலத்தில் அங்கே அச்சானதில் பாதிக்குமேல் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். எட்டுப் பக்கம், மெல்லிசான மட்டரகத் தாள், அட்டையில் கதாநாயகி முகம் ஒரு கலரும் அவள் உதடு இன்னொரு கலருமாகக் கொஞ்சம் விலகி நிற்கும். உள்ளே பாட்டுகளும் பாதிக் கதையும். மீதிக் கதையைத் திரையில் பாருங்கள் என்று நிறுத்திவிடுவார்கள். படப்பெட்டி ஊருக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அந்தப் படத்தின் பாட்டு வரிகள் பிரஸ்காரருக்கு மனப்பாடம் ஆகிவிடும். கல்யாணமான புதிதில் மனைவியைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் முதல் ஆட்டத்துக்குப் போவார். பாட்டு தொடங்கும்போது அடுத்த வரியை அவள் காதில் முன்கூட்டியே சொல்வார். "நீங்களே சொல்லிட்டா அவங்க எதுக்குப் பாடணும்?" என்று அவள் இடிப்பாள்.

மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும், பாழான தாள்களைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தத் தாள்களில்தான். வரிகள் இருக்கும், மெட்டு தெரியாது. பாட்டை ரேடியோவில் கேட்பதற்கு முன்பே தானாக ஒரு மெட்டுப் போட்டு வீடு முழுக்கப் பாடித் திரிவாள். பிறகு படம் வரும். தியேட்டரில் உட்கார்ந்து, "இவங்க தப்பாப் பாடறாங்கப்பா" என்பாள். முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அச்சகத்தில் பிரஸ்காரர் போர்மேன் ஆனார். அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று நல்லது: வாடிக்கையாளர் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மிஷினை ஓட்டவே மாட்டார். கல்யாணப் பத்திரிகை என்றாலும் சரி, காரியப் பத்திரிகை என்றாலும் சரி. இன்னொன்று கெட்டது: எதற்கும் முந்திக்கொள்வது.

மகளுக்கு இருபது வயதில் அந்தப் பாட்டுப் போட்டி வந்தது. ஞாயிறு சாயங்காலம் ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. வாரத்துக்கு ஒருவராக வெளியேறிக்கொண்டே போனார்கள். இவள் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு நம்பர். போனில் ஒரு பொது எண்ணைப் போட்டு, கடைசியில் அந்த நம்பரை அழுத்தினால் அவருக்கு ஓட்டு. வாரக் கணக்காக மகளின் நம்பர் நாலு. தெருவில் அவளுக்குப் பேரே "நாலு" என்று ஆகிவிட்டது. "நாலு வீடு எது?" என்று கேட்டால் காட்டுவார்கள்.

இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு பிரஸ்காரர் முந்திக்கொண்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம ஊர்க் குரல், உங்கள் ஓட்டு நம்பர் நாலுக்கே" என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் மூவாயிரம் நோட்டீஸ் அடித்தார். யாரிடமும் புரூஃப் காட்டவில்லை. சொந்த மகளுக்கு யார் கையெழுத்துப் போடவேண்டும்? ஊரில் ஒரு வாசல் விடாமல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. அத்தோடு விட்டாரா? அச்சகக் கூடத்தில் பெரிய டிவி வைத்து, நாற்பது பேரை உட்காரவைத்து, ஒருவரும் நம்பரை மறந்துவிடக் கூடாது என்று "நாலு" என்று கொட்டை எழுத்தில் நீளமாக ஒரு தாளை அச்சடித்து டிவி திரையின் அடிப்பக்கத்தில் ஒட்டியும் வைத்தார்.

இறுதிப் போட்டியில் நம்பர்களைக் குலுக்கிப்போட்டு மாற்றினார்கள். மகளுக்கு இரண்டு வந்தது. நாலு என்பது, அரங்குக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒரு பையனுக்குப் போனது. தெருக்காரர்கள் அவனைக் குளிர்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். புது நம்பர்களைத் தொகுப்பாளர் சொன்னபோது, மகள் மேடையில் ஏறிய குஷியில் கூடத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். திரையின் அடியில் நம்பர்கள் ஓடிய இடத்தில் பிரஸ்காரர் ஒட்டிய தாள் இருந்தது. மற்ற வீடுகளில் நோட்டீஸைப் பார்த்தே நாலை அழுத்தினார்கள்; நம்பர் மாறியதைக் கவனித்த இரண்டொருவர் பதறிப்போய் அச்சகத்துக்குப் போன் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை. அந்த போனில்தான் பிரஸ்காரர் ஒரு மணி நேரமாக நாலை அழுத்திக்கொண்டிருந்தார்.

மகள் ஆயிரத்து இருநூறு ஓட்டில் இரண்டாவதாக வந்தாள். குளிர்கண்ணாடி ஜெயித்தான். அதோடு தொகுப்பாளர் ஒரு விவரமும் சொன்னார். "ஆச்சரியமான விஷயம், ரெண்டாவது வந்த இவங்களோட சொந்த ஊர்லேர்ந்துதான் ஜெயிச்சவருக்கு நிறைய ஓட்டு வந்திருக்கு!" கேமரா மகளின் முகத்துக்குப் போனது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிரஸ்காரரால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கூடத்தில், ஆத்திரம் தாங்காமல் மனைவி அந்தத் தாளைக் கிழித்து எறிந்தாள். அடியில் நம்பர்கள் தெரிந்தன. மகள் பேருக்கு நேரே இரண்டு என்று இருந்தது.

மூன்றாம் நாள் மகள் வீடு திரும்புவதற்குள் ஊரில் கண்ணில் பட்ட நோட்டீஸ் எல்லாம் கட்டிங் மிஷினில் நாரானது. அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்துகொண்டார்கள். அவள் பெட்டியை இறக்கி வைத்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர் போடலைன்னா என்னப்பா, நீங்க ஒரு மணி நேரம் எனக்காக உக்காந்து போட்டீங்களாமே, அம்மா சொன்னாங்க. எனக்கு அது போதும்" என்றாள். நம்பர் மாறியது ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். அவளோ அந்த நிகழ்ச்சியின் ஒளிபரப்பை ஒருநாளும் பார்க்கவில்லை, பாடவும் இல்லை. குளியலறையில்கூட.

"இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆறின புண்ணுங்க" என்றாள் மனைவி.

"ஆறியிருந்தா இப்ப போன்ல 'சொந்த ஊரே வேண்டாம்னு சொன்ன பாட்டு'ன்னு சொல்லுவாளா?"

மாடியிலிருந்து மாப்பிள்ளை ஸ்பேனர் பையோடு இறங்கி வந்தார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். வேண்டாம்."

"ஏன் மாப்பிள்ளை?"

"ஏன்னா கேக்கறீங்க? நானும் அந்த நோட்டீஸ் பார்த்துதானே ஓட்டுப் போட்டேன்? பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு, 'உன் ரசிகன், உனக்காக ராப்பகலா ஓட்டுப் போட்டேன்'னு சொல்லித்தான் அவளைச் சிரிக்கவே வெச்சேன். என் கல்யாணமே அந்த ஓட்டு மேலதான் நிக்குது!"

"அஸ்திவாரமே தப்பு நம்பர்ல போட்டிருக்கு" என்றாள் மாமியார்.

"அத்தை, நீங்களுமா?"

"நீங்க ரெண்டு பேரும் எப்படியோ போங்க" என்று பிரஸ்காரர் சட்டையை மாட்டினார். "பாப்பா குரல் கெட்டுப்போச்சுன்னா விட்டுட்டிருப்பேன். பாட ஆசையில்லைன்னாலும் விட்டுட்டிருப்பேன். ஊருக்குப் பிடிக்கலைன்னு நினைச்சு விட்டா பாருங்க, அது பொய். அந்தப் பொய்யை அச்சடிச்சவன் நான்."

"சொல்லிட்டா உங்க முகத்துல முழிப்பாளா?" என்றாள் மனைவி.

"முழிக்கலைன்னா முதுகைப் பார்த்துக்கறேன். அவ மேடை ஏறணும்."

கண்ணாடிக் கடையில் கூட்டம் இருந்தது. பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். முன்பக்கம் ஃப்ரேம்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. பின்னால் திரைச்சீலைக்கு அப்பால், ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் திரும்பமுடியாத சோதனை அறை. பிரஸ்காரர் வரிசையில் உட்கார்ந்தார். தன் முறை வந்ததும் உள்ளே போனார்.

"போன மாசம்தானேப்பா உங்களுக்குப் பார்த்தேன்?"

"மங்கலா இருக்கு பாப்பா."

"எது?"

"எல்லாமே."

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். வட்டமான இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் ஏற்றி, இடது கண்ணுக்குக் கறுப்பு வில்லையையும் வலது கண்ணுக்கு ஒரு கனத்த வில்லையையும் செருகினாள். விளக்கை அணைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் ஒளிர்ந்தது.

"கடைசி வரி படிங்க."

"அது இருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல படிங்க. வெளியே ஆள் காத்திருக்காங்க."

"ஃபைனல் அன்னிக்கு நான் உனக்கு ஓட்டுப் போடலை பாப்பா."

அடுத்த வில்லையை எடுத்த அவள் கை அந்தரத்தில் நின்றது.

"போட்டேன். ஒரு மணி நேரம் போட்டேன். ஆனா உனக்குப் போடலை."

பிறகு நோட்டீஸிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னார். டிவியில் ஒட்டிய தாள், விசில் சத்தம், கிடைக்காத போன் லைன், கட்டிங் மிஷின் எதையும் விடவில்லை. அந்தக் கனத்த வில்லை வழியே மகளின் முகம் வெறும் புகையாகத் தெரிந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று முதலில் தோன்றியது. பாதியில், இதென்ன கோழைத்தனம் என்று தன்மேலேயே கோபம் வந்து, சட்டத்தைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தே மீதியைச் சொன்னார்.

மகள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நோட்டீஸ்?"

"மூவாயிரம். வேஸ்டேஜுக்குன்னு ஒரு நூறு கூட அடிச்சேன்."

"வித்தியாசம் ஆயிரத்து இருநூறு."

"ஆமா."

"அப்ப நம்ம ஊர்..."

"நம்ம ஊர் உனக்குத்தான் பாப்பா போட்டுச்சு. கை வலிக்க வலிக்கப் போட்டுச்சு. நான்தான் தப்பான வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

வெளியே பெஞ்சில் யாரோ தும்மினார்கள். மகள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

"தையல் கடை அக்கா என்னைப் பார்த்தாலே தலையைக் குனிஞ்சுக்குவாங்க" என்றாள் மெதுவாக. "என் பாட்டு அவ்வளவு மோசமான்னு நினைச்சு, அந்தத் தெருவுல போறதையே விட்டுட்டேன். பால் வாங்க இத்தனை வருஷமா சுத்திக்கிட்டுப் போறேன்ப்பா."

"அவ மட்டும் எண்பது ஓட்டுப் போட்டா. வெட்கத்துல குனியறா."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?" இப்போது அவள் குரல் ஏறியது. "நம்பர் மாத்திப் போட்டீங்க, சரி, யாருக்கும் நடக்கும். நான் வந்து நின்னப்ப சொல்லியிருந்தா அழுதிருப்பேன், உங்களைத் திட்டியிருப்பேன், அடுத்த வருஷம் மறுபடி போய்ப் பாடியிருப்பேன்! அதை எடுத்துட்டீங்களேப்பா."

"ஆமா" என்றார். மடியிலிருந்த சட்டத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "எடுத்துட்டேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

பிரஸ்காரர் கூரையைப் பார்த்தார். அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, ஃபைனல் அன்னிக்கு எத்தனை ஓட்டுப் போட்டீங்க?"

மறுமுனையில் ஏதோ ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் உறுமியது. "மாமா சொல்லிட்டாரா?"

"எத்தனை?"

"அறுபத்திமூணு."

"யாருக்கு?"

"மனசால உனக்குத்தாம்மா."

"விரலால?"

"...குளிர்கண்ணாடிக்கு."

மகளின் உதடு துடித்தது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று பிரஸ்காரருக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. "இருபத்தோரு வருஷமா ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அந்த ஓட்டுக் கதையைச் சொல்லி என்னை அசடாக்கியிருக்கீங்க. சாயங்காலம் வாங்க, பேசிக்கறேன்."

"சாப்பாடு இருக்குமா?"

"முதல்ல வாங்க." துண்டித்தாள்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வெளியே போய் உக்காருங்க."

பிரஸ்காரர் வெளியே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். இனி என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி, "பவர் ஏறியிருக்கா?" என்று விசாரித்தாள். "இறங்கியிருக்கும்மா" என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னால் மகள் போனில் பேசுவது கேட்டது. "காலைல மேடம்னு கூப்பிட்டீங்களே, நான்தான் பேசறேன். வரேன். ஆமா, வரேன். அந்தப் படகுப் பாட்டுதான்." இடைவெளி. "அந்த மேடையில நான் ஒரு விஷயமும் சொல்லணும், எங்க ஊரைப் பத்தி. ரெண்டு நிமிஷம் கொடுக்கணும். கொடுத்தா வரேன்." மறுபடி இடைவெளி. "சரிங்க."

பிரஸ்காரர் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிறகு உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம். தண்ணீர் பாட்டில் திறக்கிற சத்தம். அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. முதல் வரி தாழ்வாக, தூசி தட்டியதுபோல வந்தது. இரண்டாம் வரியில் குரல் மேலே போகவேண்டிய இடத்தில் கரகரத்து உடைந்தது. நின்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் உடைந்தது. மூன்றாம் முறை உடைந்த பிறகும் நிறுத்தாமல் உடைந்த குரலோடே கடைசிவரை பாடி முடித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

மகள் திரையை விலக்கி வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மேல போகலை" என்றாள் பொதுவாக. "மூணு வாரம் இருக்கு. போயிடும்."

"நாளைலேர்ந்து விடிகாலைல அஞ்சு மணிக்கு எழுப்பிவிடவா பாப்பா?" என்றார் பிரஸ்காரர், எழுந்து நின்று.

"நான் உங்ககூடப் பேசலை."

"சரி."

"நாலரைக்கு எழுப்புங்க" என்றாள். பிறகு பெஞ்சைப் பார்த்து, "அடுத்தது யாருங்க? உள்ளே வாங்க" என்று திரையைத் தூக்கிப் பிடித்தாள்.